திருச்சிக்கு ஒரு மணி பத்து நிமிடம்

டிராவல் டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் நான் பொய் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். யாரும் கண்டுபிடிக்க முடியாத பொய், திரையைப் பார்த்து அப்படியே வாசிக்கிற பொய். பெங்களூரிலிருந்து சென்னை ஒரு மணி நேரம், கோயம்புத்தூர் ஐம்பத்தைந்து நிமிடம், திருச்சி ஒரு மணி பத்து நிமிடம். இதில் ஒன்றுகூடத் தப்பில்லை. விமானம் அவ்வளவு நேரம்தான் பறக்கிறது. ஆனால் மனிதர்கள் யாரும் விமான நிலையத்தில் குடியிருப்பதில்லை. அங்கிருந்து புறப்பட்டு இன்னொரு விமான நிலையத்தோடு பயணத்தை முடித்துக்கொள்கிறவர்களை நான் பார்த்ததில்லை.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் கண்டோன்மென்ட் பக்கம் சின்னதாக ஒரு டிக்கெட் ஏஜென்சி வைத்திருந்தார். நாங்கள் போகும் சர்ச்சுக்கு எதிர்ச்சாரியில்தான் கடை. நான் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்: “எப்பவும் சின்ன நம்பரைச் சொல்லும்மா. பெருசா சொன்னா கஸ்டமர் யோசிக்க ஆரம்பிச்சுடுவான். யோசிச்சான்னா போயே போச்சு.” நல்ல மனிதர், கிறிஸ்துமஸுக்கு எங்கள் எல்லோருக்கும் கேக் வாங்கித் தருவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருந்த காலம் அது. ஆட்டோவில் போய் இறங்கிவிடலாம். அந்தச் சின்ன நம்பரால் யாருக்கும் பெரிய கேடு வந்துவிடவில்லை. பிறகு விமான நிலையம் தேவனஹள்ளிக்குப் போனது. ஊரின் வடக்கு மூலைக்கும் அப்பால். நாங்கள் மட்டும் அதே நம்பரை அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதற்கு அப்புறம் எத்தனை பேர் விமானத்தைத் தவறவிட்டார்கள் என்கிறீர்கள்! ஹைதராபாத்துக்கு ஒரு மணி நேரம்தானே என்று ஒரு சேல்ஸ் மேனேஜர் ஆறரை மணி விமானத்துக்கு நாலே முக்காலுக்கு வீட்டிலிருந்து கிளம்பினார். சில்க் போர்டு சிக்னலிலேயே அவருக்கு ஆறு மணி ஆகிவிட்டது. மறுநாள் என் டெஸ்க் முன்னால் நின்று கத்தினார். “சார், ஃப்ளைட் டைம்தானே கேட்டீங்க? வீட்டுலேர்ந்து எவ்வளவு நேரம்னு கேக்கலையே” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அன்றைக்கு எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லித் தப்பிக்கும் வித்தையில் நான் தேர்ந்துவிட்டேன். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

ஏஜென்சியை மூடிய பிறகு ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனியில், ஊழியர்களுக்கு டிக்கெட் போட்டுத்தரும் டிராவல் டெஸ்க்குக்குப் போனேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். அங்கே மெயின்டனன்ஸ் பிரிவில் செல்லமுத்து என்று ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நாமக்கல்லைத் தாண்டி, காவிரிக் கரையில் ஒரு கிராமம் அவருக்கு. மனைவி பிள்ளைகளோடு பொம்மனஹள்ளியில் குடியிருந்தார். எங்கள் மாடியில் ஏசி மக்கர் செய்தால் ஏணியோடு வருவார், வேலையை முடித்துவிட்டு, “சில்லுன்னு இருக்குதுங்களா மேடம்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார். எனக்கும் அவருக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷிஃப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அப்பா விடியற்காலை இறந்துவிட்டார். செல்லமுத்து லீவு எழுதிக் கொடுக்க எங்கள் மாடிக்கு வந்தார். கையில் டிபன் கேரியரும் தோளில் பையும் இருந்தன. கையெழுத்து வாங்கினால் நேராக பஸ்ஸுக்குப் போய்விடுகிற அவசரத்தில் நின்றார்.

எங்கள் எச்.ஆர். தலைவர் அப்போதுதான் உள்ளே வந்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர், இளகின மனசு. கொஞ்சம் விளம்பரப் பிரியர். விஷயத்தைக் கேட்டதும் செல்லமுத்துவின் தோளில் கை வைத்து, “பஸ்ஸா? நோ நோ. கம்பெனி உங்களை ஃப்ளைட்ல அனுப்பும்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் அதற்குள் திரையைத் திறந்துவிட்டிருந்தேன்.

செல்லமுத்து தயங்கினார். “வேண்டாங்க சார். இப்பக் கெளம்புனா ஓசூர் ரோட்டுலயே பஸ் ஏறிப் போயிருவனுங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கெல்லாம் வீட்டுல இருப்பேன்” என்றார்.

“பஸ்ல ஆறு மணி நேரம் உக்காந்துட்டுப் போவீங்களா, இந்த நெலமைல?” என்றேன் நான். “திருச்சிக்கு ஒரு மணி பத்து நிமிஷந்தான். பதினொன்னு நாப்பதுக்கு ஃப்ளைட். பன்னெண்டு அம்பதுக்கு எறங்கிடுவீங்க.”

“எங்கப்பாவுக்கு நான் ஒரே பையனுங்க மேடம். நாந்தான் கொள்ளி வைக்கோணும். மூணு வருசமா போன்ல பேசறப்பெல்லாம் அதயேதான் சொல்லிட்டிருந்தாரு. எங்க இருந்தாலும் வந்துருடான்னு.”

“அதுக்குத்தானே ஃப்ளைட்ல அனுப்பறோம்” என்றேன்.

அந்த வார்த்தைக்குமேல் அவரால் என்ன சொல்ல முடியும்? பெரிய அதிகாரி தோளில் கை வைத்திருக்கிறார். நான் விரலால் திரையைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். மேப்பில் நேர்கோடாக ஒரு தூரம் தெரிகிறது. தனக்குத் தெரிந்த வழியை அவர் அங்கேயே கைவிட்டார். அந்த வழியில் எத்தனை வருடம் போய் வந்தவர்! ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று அந்த ரோட்டை உட்கார்ந்தும் நின்றும் கடந்தவர். நான் அந்த வழியில் ஒருமுறைகூட பஸ்ஸில் போனதில்லை. அவருக்கு வழி சொல்ல நான் யார்?

ஒரு சாதாரண விஷயம் என் மண்டையில் ஏறவில்லை. அவர் ஊர் தெற்கே இருக்கிறது. எங்கள் ஆபீஸும் பெங்களூரின் தெற்கு ஓரம், தமிழ்நாட்டுக்குப் போகிற ரோட்டின் மேலேயே. நான் அவரை ஐம்பது கிலோமீட்டர் வடக்கே அனுப்பினேன், பெங்களூர் முழுவதையும் குறுக்கே கடந்து, காலை நெரிசலில். கம்பெனி காரிலேயே நேராக ஊருக்கு அனுப்பியிருந்தால் மத்தியானம் ஒரு மணிக்கு முன்பே போயிருப்பார். அந்தக் கார்தான் அவரை விமான நிலையத்துக்கு ஏற்றிச் சென்றது என்பது இன்னும் வேடிக்கை.

கார் கிளம்புவதற்கு முன்னால் எச்.ஆரிலிருந்து ஒரு பெண் வந்து அவரைப் போட்டோ எடுத்தாள். கம்பெனிப் பத்திரிகைக்காம். அப்பா செத்த அன்று ஒரு மனிதன் காமிராவைப் பார்த்து நின்றான். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம்.

அவருடைய தங்கை பழனியம்மாள் ஆனேக்கல்லில் ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலை பார்த்தாள். அவளுக்கு ஃப்ளைட் போட்டுத்தர யாரும் இல்லை. சேதி வந்ததும் ஓசூர் பஸ் ஏறிவிட்டாள்.

எட்டரை மணிக்கு என் டெஸ்க்குக்கு ஒரு போன் வந்தது. செல்லமுத்துவின் தாய்மாமன். அங்கே காரியங்களை முன்னின்று நடத்துகிறவர் அவர்தான். நேரத்தையெல்லாம் மேடத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று செல்லமுத்து என் நம்பரைக் கொடுத்திருந்தார்.

“ஏனுங் அம்மணி, மாப்ள எத்தன மணிக்கு வந்து சேருவாப்ல? கரெக்டாச் சொல்லுங்க. இன்னைக்குச் செவ்வாக்கெழமைங்க. மூணுல இருந்து நாலரை வரைக்கும் ராகுகாலம். எடுத்தா மூணு மணிக்குள்ள எடுத்துரோணும். இல்லாட்டி நாலரைக்கு மேல எடுக்கோணும். நீங்க சொல்றத வெச்சுத்தான் நாங்க முடிவு பண்ணோணும்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் கேட்க முடியாது. நான் வேதக்காரி, எனக்கு ராகுகாலம் பழக்கமில்லை. ஆனால் அவர் சொன்னது பச்சைக் குழந்தைக்கும் புரியும். பன்னிரண்டு ஐம்பதுக்கு விமானம் இறங்குகிறது, அங்கிருந்து எண்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். மனக்கணக்குப் போட்டேன். பையை எடுத்துக்கொண்டு வெளியே வர, டாக்சி பிடிக்க, ஊருக்குள் போகிற சின்ன ரோட்டைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் சேர்க்கவே இல்லை. “ரெண்டரைக்கு அங்க இருப்பாருங்க” என்றேன்.

“அப்பச் சரிங்க. வந்ததும் மொகத்தப் பாத்துட்டு, மூணுக்குள்ள எடுத்துரலாம்” என்று வைத்துவிட்டார்.

பத்து மணிக்கு செல்லமுத்து கூப்பிட்டார். கார் ஹெப்பாள் மேம்பாலத்தில் நகரவே இல்லை. “எந்தங்கச்சி கிருஷ்ணகிரி தாண்டிட்டாளாமுங்க மேடம்” என்றார். குறையாகச் சொல்லவில்லை. தகவல் சொல்கிற மாதிரிதான் சொன்னார். “டென்ஷன் ஆகாதீங்க, போயிடுவீங்க” என்றேன். கவுன்டர் மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளே ஓடினார். அதுவரை விமான நிலையத்தைப் பார்த்தே இராத மனிதர்.

பதினொன்றரைக்கு என் திரையில் செய்தி வந்தது. வேறு ஊரிலிருந்து வரவேண்டிய விமானம் வரவில்லை. புறப்படும் புதிய நேரம் பன்னிரண்டு ஐம்பது.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பேனாவை எடுத்து முதல்முறையாக ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். இரண்டு மணிக்கு இறங்குவார். வெளியே வர இருபது நிமிடம். டாக்சியில் இரண்டு மணி நேரம். நாலே கால், நாலரை. நாலரை என்று தாளில் எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன். அந்த நாலரையைத்தான் மாமா காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். ராகுகாலம் முடிகிற நேரம். அதற்கு மேல் எடுக்கலாம் என்று அவரே வாயால் சொன்ன நேரம். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எல்லாம் அப்படியே பொருந்தியிருந்தது. நான் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது.

பத்தே நிமிடத்தில் மாமா கூப்பிட்டார். “பிளேன் கெளம்பிருச்சுங்களா?”

எச்.ஆர். தலைவர் என் பக்கத்தில்தான் நின்றார். கன்னடத்தில் மெல்ல, “ஸ்வல்ப லேட் அந்த ஹேளி, சாக்கு” என்றார். கொஞ்சம் லேட் என்று சொன்னால் போதுமாம். அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் கையைக் கழுவ மாட்டேன். வாய் என்னுடையது. நாலரை என்று சொன்னால், காலையில் நான் சொன்ன இரண்டரை பொய் என்று ஆகிவிடும். பஸ்ஸிலேயே போயிருக்கலாமே என்று அந்த மனிதர் கேட்டுவிடுவார். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் அங்கே ஐஸ் பெட்டியில் கிடக்கிறார், நான் இங்கே என் மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு சின்ன டிலேங்க. மூணு மணிக்குள்ள வந்துடுவாரு” என்றேன்.

“மூணுக்குள்ள வந்துருவாப்லல்ல? அத மட்டும் சொல்லுங்க அம்மணி.”

“வந்துடுவாருங்க.”

தாள் என் முன்னால்தான் கிடந்தது. வட்டம் போட்ட நாலரையைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. மூன்று மணிக்குள் எடுக்க வேண்டும் என்பதால் ஒன்றரைக்கே ஏற்பாடுகளைத் தொடங்கிவிட்டார்கள். நீர்மாலை எடுத்து வந்து, குளிப்பாட்டி, புதுவேட்டி கட்டி, பாடையும் தயார் செய்துவிட்டார்கள். அதையெல்லாம் செய்த பிறகு உடலை வீட்டு வாசலில் ஒன்றரை மணி நேரம் சும்மா வைத்திருக்க ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ராகுகாலம் வேறு தொடங்கப் போகிறது. செல்லமுத்து திருச்சியில் இறங்கி, வெளியே வந்து மாமாவைக் கூப்பிட்டபோது மணி இரண்டு இருபத்தைந்து. இவர் இன்னும் திருச்சியிலேயே, எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார் என்று மாமாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் பெரியவர்களிடம் கெஞ்சியிருக்கிறார். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எடுத்துவிட்டார்கள். பெரியப்பா மகன் ஒருவன் கொள்ளி வைத்தான்.

செல்லமுத்து நாலரைக்குப் போய்ச் சேர்ந்தார். என் கணக்கு அந்த ஒரு தடவை நிமிடம் பிசகாமல் சரியாக இருந்தது.

ஐந்து மணிக்கு என் போன் அடித்தது. பேசியது பழனியம்மாள்.

“நீங்கதான் பிளேன்ல அனுப்புன மேடமுங்களா?”

“ஆமாம்மா.”

“நான் பஸ்ல ஒன்னே முக்காலுக்கு வந்துட்டனுங்க மேடம். எங்கண்ணன் வீட்டுக்குள்ளயே வரல. நேரா ஆத்தங்கரைக்குப் போயி அந்த நெருப்புக்கு முன்னால உக்காந்துக்கிச்சாம். கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டேங்குதாம். நீங்க சொன்னா எந்திரிச்சு வருமான்னு கேக்கத்தான் கூப்புட்டனுங்க.”

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆபீஸ் மேடம் சொன்னால் அண்ணன் கேட்பார் என்று நிஜமாகவே நம்பினாள். காலையில் கேட்டாரே! நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. போனை வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இப்போது நீங்கள் என்னிடம் பாடம் எதிர்பார்ப்பீர்கள். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கேட்கிறவர் வீட்டு வாசலிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள், போய்ச் சேருகிற வீட்டு வாசலில் முடியுங்கள். எந்தத் திசையில் ஊர் என்று மேப்பில் பார்க்காமல் அவரிடமே கேளுங்கள். பஸ்ஸில் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் உடனே பரிதாபப்படாதீர்கள், ஒருவேளை அவருக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம் தள்ளிப்போனால் கெட்ட நேரத்தை ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். முழுசாகச் சொன்னால் காத்திருக்கிறவர்கள் திட்டுவார்கள், திட்டிவிட்டு அதற்குத் தகுந்த மாதிரி ஏற்பாடு செய்துகொள்வார்கள். அரை மணி அரை மணியாக நீங்கள் அளந்து கொடுத்தால் அவர்களால் ஒன்றுமே செய்ய முடியாது. போன முறை உங்களைப் பார்க்க வந்தபோது உங்களில் ஒரு பெண் போனில், “ஜஸ்ட் ஒன் அவர் சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது என் குரல்தான். அதனால்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

பாடம் முடிந்தது. கதை முடியவில்லை.

காரியமெல்லாம் முடித்து, மூன்றாவது வாரம் செல்லமுத்து வேலைக்குத் திரும்பினார். மொட்டைத் தலையில் முடி லேசாக முளைத்திருந்தது. அதற்குள் கம்பெனிப் பத்திரிகை வந்துவிட்டது. துயரத்திலும் ஊழியரோடு துணை நிற்கும் நிறுவனம் என்று தலைப்பு, கீழே அவருடைய போட்டோ. அவர் போய்ச் சேர்ந்தாரா, அப்பாவைப் பார்த்தாரா என்று அதில் ஒரு வரி இல்லை. நோட்டீஸ் போர்டில் அதை ஒட்டியிருந்தார்கள். கேன்டீனுக்குப் போகும்போதெல்லாம் அவர் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அன்று மத்தியானம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து என் டெஸ்க்குக்கு வந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்று வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“மேடம், ஒன்னு கேக்கட்டுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க.”

“கேளுங்க செல்லமுத்து.”

“ரெண்டாந்தடவ எங்க மாமா போன் பண்ணப்போ மூணு மணிக்குள்ள வந்துருவேன்னு சொன்னீங்களாமே. நீங்க அப்படித்தான் நெனச்சீங்களா? இல்ல, ஆகாதுன்னு தெரிஞ்சேதான் சொன்னீங்களா?”

அவர் முகத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். நாலரை என்று எழுதிய தாள் அப்போதும் என் மேசை டிராயருக்குள் இருந்தது. அதைக் கிழித்துப் போடவும் எனக்கு மனசு வரவில்லை, யாரிடமும் காட்டவும் மனசு வரவில்லை.

“அப்படித்தான் நெனச்சேன்” என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது. “அப்பச் சரிங்க மேடம். தெரிஞ்சே சொல்லியிருப்பாங்களோ, நாம இவங்களுக்கு என்ன பண்ணுனோம்னு இத்தன நாளா அதயேதான் நெனச்சுட்டிருந்தேன். மனசு விட்டுப்போச்சு. ஏதோ நேரம், நடந்துருச்சு. நீங்க வெசனப்படாதீங்க” என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அதே கட்டடத்தில் இருந்தோம். ஏசி மக்கர் செய்தது, வந்தார், சில்லென்று இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன். நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டவர்களில் அவரும் ஒருவர்.

அவர் இன்னும் பொம்மனஹள்ளியில்தான் இருக்கிறார், அதே வேலையில். என் வீடு சிவாஜிநகர்ப் பக்கம். ஒரு பஸ் ஏறினால் போதும், நெரிசலையும் நடக்கிற தூரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம், வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு. நான் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. நான் இன்னும் கிளம்பவில்லை.